மூன்று வழி சொன்ன மறையோன்



நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் கதையையும் கட்டுரையையும் பற்றிப் பேசுபவை கொஞ்சம்தான். விசாரிப்புக் கடிதங்களே அதிகம். "ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் குடியேறலாம் என்று இருக்கிறோம். சித்திரை வீதியில் வீடு பார்க்கலாமா, உத்திர வீதியில் பார்க்கலாமா?" "பையனுக்குத் துவாக்குடி என்.ஐ.டி.யில் இடம் கிடைத்திருக்கிறது. நாங்களும் திருச்சிக்கே வந்துவிடலாமா?" "காவிரியில் தண்ணீர் ஓடும்போது ஒரு தடவை பார்க்க வேண்டும். எந்த மாதம் கிளம்பட்டும்?" பத்திரிகைக்காரனுக்கு வாடகை நிலவரமும் தெரியும், வண்டி நேரமும் தெரியும் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கும் மனசில்லை.

கடைசிக் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. இருப்பு குறைந்த வருஷங்களில் தள்ளிப்போகும். திறந்த சில நாளில் முக்கொம்புக்குத் தண்ணீர் வந்து சேரும். ஆடிப் பதினெட்டன்று அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. காப்பரிசியும் கருகமணியும் மஞ்சள் கயிறுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் நாள் அது. அந்தக் கூட்டத்தையே பார்க்க வேண்டும் என்பவர்கள் அன்றைக்கு வாருங்கள். ஆற்றை மட்டும் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஒரு வாரம் தள்ளி வாருங்கள். மே மாதம் வந்தால் பெரும்பாலும் மணலைத்தான் பார்க்கலாம்.

மற்றக் கேள்விகளுக்கு அப்படிச் சட்டென்று எழுத முடியவில்லை. கேட்பவர் யார் என்பது கடிதத்தில் இருப்பதில்லை. மூட்டு வலிக்காரரா, கார் வைத்திருப்பவரா, விடிகாலை விஸ்வரூப தரிசனத்துக்குத் தினமும் போக நினைப்பவரா, பேரக் குழந்தைகள் லீவுக்கு வந்து போகும் வீடா, எதுவும் தெரியாது. "நல்ல ஏரியா எது?" என்று ஒரே வரி. யாருக்கு நல்ல ஏரியா?

இந்த விஷயத்தில் நம் பழைய ஆட்கள் கெட்டிக்காரர்கள். பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. அதில் முருகனிடம் போகச் சொல்லும் ஒன்றைத் தனியாக வைத்துவிட்டால், மற்ற நான்கும் ஒரே சந்தர்ப்பத்தில் பிறந்தவை. வள்ளலைப் பார்த்துப் பரிசு வாங்கித் திரும்பும் கலைஞன், எதிரே வாடிய முகத்தோடு வரும் இன்னொரு கலைஞனைப் பார்க்கிறான். நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன், அங்கே போனேன், இப்படி ஆனேன், நீயும் போ என்கிறான். சொல்பவன் தானே போய்விட்டு வந்தவன். அதுவும் சமீபத்தில் போனவன். கேட்பவனும் அதே தொழில்காரன், அதே பசிக்காரன். இருவருக்கும் தேவை ஒன்றுதான் என்பதால் அங்கே "நல்ல ஏரியா" குழப்பமே வருவதில்லை. இவற்றில் பொருநராற்றுப்படைக்குப் பாட்டுடைத் தலைவன் கரிகாலன். அவன் வழியினரின் தலைநகரமான உறையூர் இன்று திருச்சி மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஆகவே திருச்சிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு.

மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 583 அடி. அதில் நன்னனின் பெருமை எவ்வளவோ, அவனிடம் போகும் பாதையின் ஆபத்தும் அவ்வளவு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு கிடக்கும் குழி எங்கே, தினைப்புனம் காப்பவர்கள் வீசும் கவண்கல்லுக்கு எப்படி மறைவது, வழுக்கும் இடத்தை எப்படிக் கடப்பது என்று பெரியவர் ஒருவர் கூடவே நடந்து வருவது போல விவரம். பெரும்பாணாற்றுப்படையில் ஒவ்வொரு வகை ஊரிலும் சாப்பிட என்ன கிடைக்கும் என்பது வரை உண்டு. அந்தணர் வீட்டில் மாவடு போடுவார்கள் என்று அதில் வரும் இடத்தைப் படித்தபோது எனக்கு ஸ்ரீரங்கத்துச் சமையலறைகள் ஞாபகம் வந்தன. ஈராயிரம் வருஷமாக மாறாத மெனு! இந்தப் பாட்டுகள் ஏட்டிலேயே செல்லரித்துப் போகாமல் 1889-ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையருக்குப் பயணக்காரர்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

ஆற்றுப்படையில் வருபவன் கேட்காமலே வழி சொல்கிறான். கேட்டுத் தெரிந்துகொண்ட கதை ஒன்று வேண்டுமென்றால் உறையூரிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதை.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து காவிரிக் கரையோடு நடந்து, அரங்கத்தில் ஆற்றைத் தாண்டி, உறையூர் வந்து ஒரு நாள் தங்குகிறார்கள். மறுநாள் விடியலில் தெற்கே கிளம்பி ஒரு சோலையில் இளைப்பாறுகிறார்கள். அங்கே பாண்டியனை வாழ்த்திக்கொண்டு ஒரு அந்தணர் உட்கார்ந்திருக்கிறார். குடமலைப் பக்கம் மாங்காடு அவர் ஊர். அரங்கத்தில் கிடந்த கோலத்தையும் வேங்கடத்தில் நின்ற கோலத்தையும் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டவர். பாண்டிய நாட்டு வழியாக வந்திருக்கிறார். கோவலன் எடுத்த எடுப்பில் வழி கேட்கவில்லை. உங்கள் ஊர் எது, எதற்காக வந்தீர்கள் என்று முதலில் விசாரிக்கிறான். மதுரைப் பக்கமிருந்துதான் வருகிறார் என்று தெரிந்த பிறகே மதுரைக்கு நல்ல வழி எது என்று கேட்கிறான். விசாரிக்கத் தெரிந்தவன்.

மாங்காட்டு மறையோனும் சளைத்தவர் இல்லை. வழியைச் சொல்வதற்கு முன்னால் எதிரே நிற்பவர்களைப் பார்க்கிறார். இந்த வேனிலில் இந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்களே என்று வருத்தப்படுகிறார். பருவமும் துணையும் அவர் கண்ணில் முதலில் படுகின்றன. பிறகுதான் வழி: கொடும்பை நெடுங்குளத்தை அடைந்தால் சிவன் சூலம் போல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் வறண்ட காடு, மறவர் குடியிருப்பு, பிறகு சிறுமலை. இடப்பக்கம் போனால் திருமால்குன்றம். நடுவழியில் ஊரும் சோலையுமாக நடக்க இதமாக இருக்கும். ஆனால் அங்கே ஒரு கானுறை தெய்வம் உண்டு. பயமுறுத்தாது, இனிமையாகவே வந்து மயக்கும், அதற்குத் தப்பிப் போங்கள்.

மூலத்தைப் படித்தால் ஒன்றைக் கவனிக்கலாம். மூன்று வழியில் அவர் அதிகம் பேசுவது இடப்பக்க வழியைப் பற்றி. அங்கே மலைக்குகை, அதற்குள் மூன்று பொய்கை, ஒன்றில் குளித்தால் இலக்கண ஞானம், ஒன்றில் குளித்தால் முற்பிறப்பு தெரியும், ஒன்றில் குளித்தால் நினைத்தது நடக்கும் என்று விவரித்துக்கொண்டே போகிறார். திருமால் பக்தர், திருமால் மலைக்குப் போகும் வழி. மனசு அங்கேதான் நிற்கும். அது குற்றமில்லை. ஆலோசனை சொல்லும் எவரும் தன் விருப்பத்தைக் கொஞ்சம் கலந்துதான் தருவார். அதைப் பிரித்தெடுப்பது கேட்பவர் வேலை. இங்கே அந்த வேலையைச் சமணத் துறவியான கவுந்தியடிகள் செய்கிறார். உங்கள் பொய்கைகள் எங்களுக்குத் தேவைப்படாது, நீங்கள் உங்கள் தெய்வத்தைப் பார்க்கப் போங்கள், நாங்கள் எங்கள் வழியில் போகிறோம் என்று மரியாதையாக முடித்துவிடுகிறார். அதற்காக அந்தணர் சொன்னதை எல்லாம் தூக்கிப்போடவும் இல்லை. நடுவழியில் நடந்தபோது, கோவலனுக்குத் தெரிந்த வசந்தமாலை என்ற பெண்ணின் உருவத்தில் அந்தத் தெய்வம் அவன் காலில் வந்து விழுகிறது. மறையோன் எச்சரித்தது அவனுக்கு ஞாபகம் வருகிறது; மந்திரம் சொல்லித் தப்பிக்கிறான். பொய்கைக் கதையை ஒதுக்கினார்கள், எச்சரிக்கையை வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு நன்றாக விசாரித்த கோவலன் எங்கே கோட்டை விட்டான் என்று யோசித்தால், மதுரைக்கு எப்படிப் போவது என்று கேட்டவன், மதுரையில் ஒரு சிலம்பை யாரிடம் நம்பி விற்கலாம் என்று அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் கேட்கவில்லை. அவன் போவதே அதற்காகத்தான். வழியை விசாரித்தான், வந்த காரியத்தை விசாரிக்கவில்லை. நமக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ரகம் என்பதால்தான் இவ்வளவு நீட்டினேன்.

கொடும்பை என்பது கொடும்பாளூர் என்பார்கள் அறிஞர்கள். திருச்சியிலிருந்து மதுரை போகும் நால்வழிச் சாலையில் விராலிமலையைத் தாண்டினால் வரும் ஊர். மூவர் கோயில் என்று பெயர் பெற்ற கற்கோயில்களில் இரண்டு அங்கே இன்றும் நிற்கின்றன. மதுரை பஸ் ஊருக்குள் நிற்காமல் பறந்துவிடும். சொந்த வண்டியில் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம். ரயிலில் போனால் மணப்பாறை, திண்டுக்கல் என்று சிறுமலைப் பக்கம். பஸ்ஸில் போனால் துவரங்குறிச்சி, மேலூர் என்று அழகர்மலைப் பக்கம். நடுவழித் தெய்வத்தின் இடத்தை இப்போது சுங்கச்சாவடி பிடித்துக்கொண்டிருக்கிறது. அது மயக்குவதில்லை, நேரடியாகவே வாங்கிக்கொள்கிறது.

இனி ஸ்ரீரங்கம்.

திருச்சியில் ஒரு தலைமுறைக்கு எங்கே குடியிருப்பது என்ற கேள்வியே வந்ததில்லை. ரயில்வேயில் சேர்ந்தால் பொன்மலை காலனி. பெல் நிறுவனத்தில் சேர்ந்தால் கைலாசபுரம் டவுன்ஷிப். குவார்ட்டர்ஸை நிர்வாகம் ஒதுக்கும், பெட்டியைக் கொண்டுபோய் வைக்க வேண்டியதுதான். அப்படி முப்பது வருஷம் இருந்தவர்களுக்கு ஓய்வு பெறும் வயதில்தான் முதல் தடவையாக அந்தக் கேள்வி வருகிறது. பழக்கமில்லாத கேள்வி என்பதால் பதற்றமும் அதிகம். மனைவி ஸ்ரீரங்கம் என்பார், பிள்ளைகள் சென்னைக்கே வந்துவிடுங்கள் என்பார்கள், இவருக்கோ காலையில் நடக்க மரம் அடர்ந்த ரோடு வேண்டும்.

ஸ்ரீரங்கத்துக்கு வர நினைக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் 156 ஏக்கர், ஏழு பிரகாரம், 21 கோபுரம். வெளிப் பிரகாரங்களில் ஊரே குடியிருக்கிறது. ஆகவே "கோபுரத்துக்குப் பக்கத்தில் வீடு" என்று தரகர் சொன்னால் எந்தக் கோபுரம் என்று கேளுங்கள். 236 அடி ராஜகோபுரம் 1987-ல் கட்டி முடிக்கப்பட்டது, அது தெற்கே. கிழக்கே வெள்ளைக் கோபுரம். இரண்டுக்கும் நடுவில் வெயிலில் நடக்கிற தூரம் அறுபத்தைந்து வயதுக் காலுக்கு நன்றாகத் தெரியும். பழைய வீடுகள் ரயில் பெட்டி போல நீளமாக, பக்கத்து வீட்டோடு ஒரே சுவராக இருக்கும். உள்ளே குளிர்ச்சி உண்டு, கார் நிறுத்த இடம் இருக்காது. அடுக்குமாடி என்றால் லிஃப்ட் இருக்கிறதா, கரன்ட் போனால் ஓடுமா என்று பாருங்கள். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் பகல்பத்து, ராப்பத்து என்று சுமார் மூன்று வாரம் ஊர் வேறு ஊராகிவிடும். தடுப்புக் கட்டைகளைத் தாண்டி உங்கள் வீட்டுக்கே நீங்கள் போவது ஒரு காரியம். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில்தான் ஓடும். வீட்டு வாசலில் பெருமாள் வருவதற்காகவே அங்கே குடியிருப்பவர்கள் உண்டு. அன்றைக்கு ஆட்டோ வராதே என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. நீங்கள் இதில் யார் என்பதை உங்களுக்குள்ளேயே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமானது, இது ஒரு தீவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறோம் என்பது சாதாரண நாட்களில் மறந்துபோகும். 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 செப்டம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2023 மார்ச்சில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த அரை வருஷம் கார்களும் பஸ்களும் சென்னை பைபாஸ் வழியாகச் சுற்றின. பெரிய ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் அக்கரையில், புத்தூர், தில்லைநகர் பக்கம். மாதம் இரண்டு தடவை டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள் அந்தக் காலத்தில் ஸ்ரீரங்கத்தில் எப்படிச் சமாளித்தார்கள் என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டால், எந்த விளம்பரத்திலும் இல்லாத விவரம் கிடைக்கும். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் போனபோது பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. சில நாளிலேயே முக்கொம்பில் மதகுகளும் உடைந்தன. ஆற்றோரம் வீடு வாங்குபவர்கள் "தண்ணீர் வருமா?" என்று கேட்கக் கூடாது. வராது என்றுதான் பதில் வரும். "2018-ல் எது வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். அக்கரையில் உறையூர், கருமண்டபம் பக்கம் பார்ப்பவர்கள் 1977, 2005 வெள்ளங்களை வருஷம் சொல்லிக் கேளுங்கள். அங்கே காவிரியை விடக் கோரையாறும் குடமுருட்டியும் செய்த வேலை அதிகம். வருஷம் சொல்லிக் கேட்டால் மழுப்ப முடியாது. இஸ்திரி வண்டிக்காரர் சுவரைக் காட்டி இது வரைக்கும் என்று கை வைத்துக் காட்டிவிடுவார்.

சுஜாதாவைப் படித்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வர ஆசைப்படும் வாசகர்கள் நிறைய. எனக்கும் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' மேல் தீராத பிரியம். அதில் வருவது அவர் பாட்டி வீட்டில் வளர்ந்த காலத்து ஊர். சுஜாதா பிறந்தது 1935. அவர் கணக்குப்படி பார்த்தால் அந்தத் திண்ணைகளுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. பல திண்ணைகள் இப்போது கடைகள். இலக்கியத்தை நம்பி ஊர் பார்க்க வரலாம், அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

போன வருஷத் தகவலே பழசாகிவிடுகிற காலம் இது. "சென்ட்ரலில் இறங்கி 1-ஆம் நம்பர் பஸ் பிடியுங்கள், ஸ்ரீரங்கம் வந்துவிடலாம்" என்று திருச்சிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 2025-ல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் செயல்படத் தொடங்கிய பிறகு வெளியூர் வண்டிகள் அங்கே போய்விட்டன. இந்தக் கதை தெரியாமல் பழைய ஞாபகத்தில் வழி சொல்லும் மாமாக்கள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இன்னும் இருக்கிறார்கள். விமானத்தில் வருபவர்களுக்கும் அப்படித்தான், 2024 முதல் புது முனையம்.

செல்போன் மேப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். தூரத்தையும் நேரத்தையும் அது நம்மை விட நன்றாகச் சொல்கிறது, மறுக்கவில்லை. இந்த வேனிலில் இந்தப் பெண்ணோடு கிளம்பிவிட்டீர்களே என்று அது வருத்தப்படாது, அவ்வளவுதான். அந்த வருத்தத்தில்தான் பாதித் தகவல் இருக்கிறது.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கத்தை உங்கள் விசாரிப்புகளுக்கு ஒதுக்குகிறோம். கேள்வியும் வாசகருடையது, பதிலும் வாசகருடையது. நான் நடுவில் திருத்துவதோடு சரி. திருச்சி, ஸ்ரீரங்கத்தில் தொடங்குவோம். பிறகு மற்ற ஊர்கள்.

கேட்பவர்கள் மூன்று நான்கு வரி உங்களைப் பற்றி எழுதுங்கள்: வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, எதற்காக இந்த ஊர், எது இல்லாவிட்டால் இருக்க முடியாது. பதில் எழுதுபவர்கள் அந்த இடத்தில் நீங்கள் எந்த வருஷம் வரை இருந்தீர்கள், கடைசியாக எந்த மாதம் போனீர்கள் என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். பிடித்ததை எழுதும்போது அங்கே பிடிக்காத ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். குறை ஒன்றுமே இல்லாத ஊர் என்று வரும் பதில்களைப் போட மாட்டோம். வீட்டுத் தரகர்களும் எழுதலாம், தரகர் என்று சொல்லிக்கொண்டு. கடிதங்கள் மாதம் 15-ஆம் தேதிக்குள் கைக்குக் கிடைத்தால் அடுத்த இதழிலேயே வந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்